நாலு தௌ கம்பி

பாடி, மண்ணூர்பேட்டை, கொரட்டூர், அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் லேத்திலும் மில்லிங்கிலும் வெல்டிங்கிலும் நிற்கிற அண்ணன்மார்களுக்கும், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு இந்த மே மாதத்தைக் கழிக்கிற உங்கள் வீட்டாருக்கும் இந்த மடல்.

நான் இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன். 24 வருடம் ஆகிறது. என் அப்பா எஸ்டேட்டில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் அவர் வீட்டுக்குள் நுழையும்போது கூலன்ட் வாசனைதான் முதலில் வரும். எனக்கு அது அப்பாவின் வாசனை. அந்த உரிமையில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன், ரிசல்ட் வந்த வாரம், உங்களில் ஒருவர் பள்ளிக்கு வந்தார். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற வழி. வண்டியைக்கூட ஸ்டாண்ட் போடவில்லை, கேட்டில் காலை ஊன்றிக்கொண்டே கேட்டார்: "சார், பொண்ணு பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கணுங்குது. ஏதோ வானத்து ஆராய்ச்சியாம். இதுல சோறு இருக்கா சார்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்து செய்யுங்கண்ணே" என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தாள். இப்போது கடைசி வருடத்தை முடித்துக்கொண்டிருக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒரு தகப்பன் வேலை நேரத்தில் வந்து கேட்ட நேரான கேள்விக்கு, ஒரு வாத்தியாராக நான் பதில் தெரியாமல் நின்றேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இந்த மடல் அவருக்கு நான் தர வேண்டிய பதில். இந்த வருடம் அதே கேள்வி எத்தனை வீடுகளில் கிடக்கிறதோ, அத்தனை பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தப் பெண் பிளஸ் ஒன்னில் ஒருநாள் கேட்டாள்: "சார், இடி இடிக்கும்போது மேகத்துல எத்தனை வோல்ட் இருக்கும்?" கோடிக்கணக்கில் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே சரியான பதிலை அளந்து வைத்திருந்தது நம் ஊட்டி. எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

ஊட்டி ராஜ்பவன் பக்கத்தில், 2,200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே நடக்கும் சோதனைக்கு 'கிரேப்ஸ்-3' என்று பெயர். பிறகு ஒரு கோடை விடுமுறையில் போய்ப் பார்த்தேன். பெரிய தொலைநோக்கி, உருண்டைக் கோபுரம் எல்லாம் எதிர்பார்த்துப் போனவனுக்கு முதலில் கண்ணில் பட்டது புல் சரிவு. அதில் 8 மீட்டர் இடைவெளி விட்டு வரிசை வரிசையாகக் கூம்பு மூடிகள், ஏறக்குறைய 400. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் பலகை. துகள் ஒன்று ஊடுருவினால் மினுக்கென்று ஒளிவிடும் பிளாஸ்டிக் அது. அதையும் வெளியில் வாங்குவதோடு நிற்காமல் அங்கேயே வார்த்து எடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் என்னை நிற்கவைத்தது அது இல்லை. பக்கத்தில் கான்கிரீட் பாளங்களை அடுக்கிய கூடங்கள். அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில் இருப்பது என்னவென்றால், எம்.எஸ். ஸ்கொயர் டியூப். ஆமாம், நீங்கள் கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெட்டுகிற அதே ஜாதி. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், 6 மீட்டர் நீளம், சுவர் தடிமன் 2.3 மில்லிமீட்டர். நம் பாஷையில் முக்கால் நூலுக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் அடுக்கியவை மட்டும் 3,712 குழாய்கள். தலையோடு கால் வைத்துப் படுக்கவைத்தால் 22 கிலோமீட்டர். பாடி மேம்பாலத்தில் ஆரம்பித்து எம்.டி.எச். ரோட்டில் அடுக்கிக்கொண்டே போனால் ஆவடியைத் தாண்டி திருநின்றவூரைத் தொட்டுவிடும்.

ஒவ்வொரு குழாயின் நட்டநடுவிலும் ஒரு டங்ஸ்டன் கம்பி ஓடுகிறது. தடிமன் 100 மைக்ரான். மைக்ரோமீட்டர் பிடித்த உங்களுக்குச் சொல்கிறேன்: நாலு தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் நாலு பங்கு. அந்தக் கம்பி 6 மீட்டர் நீளத்துக்கு எங்கேயும் தொய்யாமல், சுவரைத் தொடாமல், நடுமையத்தில் நிற்கவேண்டும். உள்ளே காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, நூற்றுக்கு 90 பங்கு ஆர்கானும் 10 பங்கு மீத்தேனும் நிரப்புகிறார்கள். டிக் வெல்டிங்குக்கு உங்கள் பட்டறை மூலையில் சிலிண்டரில் நிற்கிற அதே ஆர்கான்தான். இரண்டு முனையையும் அடைத்து, கம்பிக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுக்கிறார்கள். ஏதாவது ஒரு துகள் குழாயைக் கடந்து போனால் வாயுவில் மின்னூட்டம் உதிர்கிறது, கம்பி அதை இழுத்துக்கொள்கிறது, ஒரு துடிப்பு வருகிறது. எண்ணிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கருவி.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். ஆனால் வெல்டில் ஒரு பின்ஹோல் இருந்தால் போதும், வெளிக்காற்று உள்ளே கசிந்து, ஆக்சிஜன் சேர்ந்து, குழாய் செத்துவிடும். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, பல பத்தாண்டுகள் கசியாமல் இருக்கவேண்டும். அந்த வெல்டைப் போட்ட கை எப்படிப்பட்ட கையாக இருந்திருக்கும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

இனி அந்தக் குழாய் எதை எண்ணுகிறது என்று சொல்கிறேன். விண்வெளியிலிருந்து பூமியின்மேல் எந்நேரமும் அணுத்துகள்கள் வந்து விழுகின்றன. பெரும்பாலும் புரோட்டான்கள். 1912-இல் விக்டர் ஹெஸ் என்பவர் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி, மேலே போகப்போக இந்தக் கதிர்வீச்சு கூடுகிறது என்று கண்டார். 1936-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இவற்றில் சில துகள்களின் ஆற்றலை நினைத்தால் தலை சுற்றும். 1991-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதிவான ஒரே ஒரு துகளின் ஆற்றல், ஒரு கிலோ படிக்கல் 5 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழும்போது இருக்கும் ஆற்றலுக்குச் சமம். கண்ணுக்கே தெரியாத ஒன்றில் அத்தனை ஆற்றலை ஏற்றி அனுப்பியது எது? வெடித்த நட்சத்திரங்களா, கருந்துளைகளைச் சுற்றிய சுழலா? இன்றைக்கும் முழு விடை இல்லை. அந்த விடையைத் தேடுவதுதான் உயர் ஆற்றல் வானியற்பியல். உங்கள் பிள்ளை 'வானத்து ஆராய்ச்சி' என்று சொன்னது இதைத்தான்.

அப்படி வரும் துகள் நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் காற்றில் மோதிச் சிதறுகிறது. சிதறலில் பிறக்கும் மியூயான் என்கிற துகள் தரை வரைக்கும் வருகிறது. உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். நொடிக்கு ஏறக்குறைய ஒன்று அதைக் கடந்து போகிறது. பாடி சிக்னலில் சிவப்பு விழுந்து பச்சை விழுவதற்குள் ஐம்பது, அறுபது போயிருக்கும். ஊட்டிக் குழாய்கள் மியூயானை மட்டும் எண்ணவேண்டும் என்பதற்காகத்தான் மேலே 2 மீட்டர் கான்கிரீட். மற்றதையெல்லாம் அது தடுத்துவிடும்.

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிமேல் ஓர் இடிமேகம் வந்து நின்றது. 18 நிமிடம் மியூயான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. மேகத்துக்குள் இருக்கும் மின்னழுத்தம் மியூயான்களின் ஆற்றலை மாற்றிவிடுகிறது. அதனால் கான்கிரீட்டைத் தாண்டி வருவதும் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துக்கொண்டு, எத்தனை வோல்ட் இருந்தால் இவ்வளவு குறையும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். விடை 130 கோடி வோல்ட். கொரட்டூர் சப்ஸ்டேஷனுக்கு வரும் 230 கே.வி. லைனைப்போல ஐயாயிரம் மடங்குக்கும் மேல். அதற்குமுன் பலூன் விட்டு அளந்ததெல்லாம் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியதில்லை. இடிமேகத்தில் இவ்வளவு இருக்கக்கூடும் என்று சி.டி.ஆர். வில்சன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1929-இல் சொல்லி வைத்திருந்தார். 90 வருடம் கழித்து, 2019-இல், அதை அளந்த கட்டுரை வெளிவந்தது. கட்டுரையின் முதல் பெயர் பி. ஹரிஹரன்.

என் மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுதான். நம் மாநிலத்திலேயே, எம்.எஸ். குழாயில் கிடைத்த விடை.

அந்தக் குழாய்களுக்கு ஒரு முன்கதை உண்டு. அவை ஊட்டிக்காகச் செய்யப்பட்டவை இல்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள், 2 கிலோமீட்டருக்கும் கீழே, புரோட்டான் என்றைக்காவது தானாகச் சிதையுமா என்று பார்க்க அடுக்கி வைத்திருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அந்தச் சோதனையை மூடவேண்டி வந்தபோது, குழாய்களைத் தூக்கி எறியாமல் மலைக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். பூமிக்கு அடியில் இருந்தது மேகத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு அதேபோல மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புதுக் குழாய்களையும் ஊட்டியிலேயே செய்தார்கள். தங்கவயலில் பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பான்மையோர் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன நம் ஜனம். அங்கே உறவுக்காரர் உள்ள குடும்பங்கள் நம் தெருக்களிலும் உண்டு. அவர்கள் தோண்டிய குழியில்தான் 1965-இல், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்கிற துகளைப் பிடித்து, உலகில் முதன்முதலாகக் கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் சேர்ந்து செய்த வேலை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்திலும் அதே வருடம் பிடித்தார்கள், ஆனால் கோலார்க் கட்டுரைதான் முந்தியது.

இந்தத் துறையில் ஒரு ஆராய்ச்சி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் பி.வி. ஸ்ரீகண்டனைச் சொல்வேன். 1925-இல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். படித்தது வயர்லெஸ். 1948-இல் ஹோமி பாபாவிடம் டாட்டா நிலையத்தில் சேர்ந்தார். 1950-களின் தொடக்கத்தில் கைகர் குழாய்களை எடுத்துக்கொண்டு தங்கவயலில் இறங்கி, மட்டத்துக்கு மட்டம் மியூயான் எண்ணினார். பிறகு ஊட்டி மலையில் காற்றுப் பொழிவுகள், அதாவது துகள் காற்றில் மோதி விழும் சிதறல்களை ஆராய்ந்தார். 1968 ஏப்ரலில் ஐதராபாத்திலிருந்து பலூன் விட்டு விண்மீன்களின் எக்ஸ்கதிரைப் பார்த்த குழுவில் அவர் இருந்தார். இந்தியாவின் எக்ஸ்கதிர் வானியல் அங்கேதான் தொடங்கியது. மறுவருடம், பல்சர்கள் என்கிற துடிக்கும் விண்மீன்களிலிருந்து காமாக் கதிர் வருகிறதா என்று பார்க்க, ஊட்டியில் தேடுவிளக்கின் கண்ணாடிகளைத் திருப்பி வானத்தை நோக்கி வைத்தார்கள். ராணுவம் விமானம் தேடுகிற அதே கண்ணாடி. இன்று லடாக்கின் ஹான்லேயில், 4,200 மீட்டருக்கு மேல், 21 மீட்டர் விட்டத்தில் நிற்கிற 'மேஸ்' தொலைநோக்கி செய்வதும் அந்தத் தேடுவிளக்குக் கண்ணாடி செய்த வேலைதான். 1975 முதல் 1987 வரை டாட்டா நிலையத்துக்கே இயக்குநராக இருந்தார் ஸ்ரீகண்டன். 2019-இல், 94 வயதில் காலமானார். சுரங்கத்தின் அடியிலிருந்து பலூனின் உச்சி வரை, ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறியிறங்கிய ஆயுள் அது.

குழாயும் அவரோடு ஏறியது என்றே சொல்லலாம். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன 'அஸ்ட்ரோசாட்' செயற்கைக்கோளில் எல்.ஏ.எக்ஸ்.பி.சி. என்ற கருவி இருந்தது. அதுவும் வாயுவும் கம்பியும்தான். ஆர்கானுக்குப் பதில் செனான்; டாட்டா நிலையத்தில் கட்டியது. 2024 புத்தாண்டு அன்று காலை போன 'எக்ஸ்போசாட்'டில் பெங்களூர் ராமன் நிலையம் கட்டிய 'போலிக்ஸ்' கருவியிலும் அதே தத்துவம். அன்றைக்கு மொட்டைமாடியில் நின்று வடக்கே புகைக்கோடு தெரிகிறதா என்று பார்த்தவர்கள் நம் தெருவில் நிறையப் பேர். அந்தப் புகையின் நுனியில் போனது உங்கள் கைக்குப் பழக்கமான வேலை என்று அப்போது உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

சரி, சோறு.

ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வழி நீளம். பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு, பிறகு பிஎச்.டி. ஐந்து ஆறு வருடம். ஆனால் பல வீடுகளில் தெரியாத விஷயம் ஒன்று: பிஎச்.டி.க்கு நீங்கள் பணம் கட்டவேண்டாம், அவர்கள் உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். 2023-லிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. எஸ்டேட்டில் இருபது வருடம் மெஷினில் நின்றவருக்கு எவ்வளவு வருகிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஒப்பந்தத்தில், பெரும்பாலும் வெளிநாட்டில், ஒன்றிரண்டு இடம் மாறவேண்டும். நிலையான வேலை கிடைக்க 33, 35 வயது ஆகிவிடும். எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் தெருவில் நிற்பதுமில்லை. மருத்துவமனை ஸ்கேன், சிப் வடிவமைப்பு, பெரிய தரவுகளை அலசும் வேலை என்று போகிறார்கள். பெட் ஸ்கேன் எந்திரத்துக்குள் மினுங்குகிற பொருள் ஊட்டிப் பலகையின் பங்காளிதான்.

எங்கே சேர்ப்பது என்று கேட்பீர்கள். மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இருக்கிறது. வானியற்பியலாளர் சந்திரசேகர் படித்த கல்லூரி. 1999-இல் விண்ணுக்குப் போன நாசாவின் எக்ஸ்கதிர் ஆய்வகத்துக்கு 'சந்திரா' என்று அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பிளஸ் டூவிலிருந்து நேராகப் போக, ஐசர் என்கிற மத்திய அரசு அறிவியல் நிறுவனங்களின் ஐ.ஏ.டி. தேர்வு, பக்கத்தில் திருப்பதியிலேயே ஒன்று இருக்கிறது. அதேபோன்ற நைசர் நிறுவனத்துக்கு நெஸ்ட் தேர்வு. சிறுசேரியில் சென்னை கணித நிறுவனம் கணிதமும் இயற்பியலும் சேர்த்துப் பட்டம் தருகிறது. எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு, பிஎச்.டி.க்கு ஜெஸ்ட், டாட்டா நிலையத்தின் தனித்தேர்வு. ஜே.இ.இ.க்கும் நீட்டுக்கும் நம் ரோட்டில் இருக்கிற பேனர்களில் ஒன்றில்கூட இந்தப் பெயர்களை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன், வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு ஏட்டுப்படிப்பு ஓடவில்லை, ஐ.டி.ஐ.தான் என்றாலும் இந்தக் கதவு சாத்தப்படுவதில்லை. டாட்டா நிலையம், இஸ்ரோ போன்ற இடங்களில் ஃபிட்டருக்கும் டர்னருக்கும் டெக்னீஷியன், டிரேட்ஸ்மேன் என்று வேலை உண்டு. அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படிக்கிற பையன்களிடம் இதையும் சொல்லுங்கள். நாலு தௌ கம்பியை நேராக இழுத்துக் கட்ட ஒருவர் வேண்டுமே.

பெரிய பெயர்களிலும் நேர்வழியில் போனவர்கள் குறைவு. வி. ராதாகிருஷ்ணன் என்று ஒருவர், 1929-இல் தண்டையார்பேட்டையில் பிறந்தவர். சர் சி.வி. ராமனின் மகன். பி.எஸ்சி.யோடு நிறுத்தியவர், பிஎச்.டி. படிக்கவே இல்லை. ஸ்வீடன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று ரேடியோ கருவிகளைக் கட்டிக்கொண்டே சுற்றினார். 1969-இல் 'வேலா' என்ற பல்சரிலிருந்து வரும் அலைகளின் திசை திரும்புவதைப் பார்த்து, சுழலும் நியூட்ரான் விண்மீனின் காந்த முனையிலிருந்துதான் அந்தக் கதிர் கிளம்புகிறது என்று காட்டினார். பிற்காலத்தில் ராமன் நிலையத்தின் இயக்குநர். படகும் இறகு விமானமும் தானே கட்டி ஓட்டியவர். தகப்பன் நோபல் வாங்கியவர் என்பது எல்லோருக்கும் வாய்க்காது, அது எனக்கும் தெரியும். இன்றைக்கு பிஎச்.டி. இல்லாமல் முடியாது என்பதும் தெரியும். நான் சொல்லவருவது அவருடைய கையைப் பற்றி.

ரமேஷ் நாராயண் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. படித்தவர். பிஎச்.டி. செய்தது பெங்களூரில், அதுவும் படிகங்களைப் பற்றி. வானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறகுதான் ராமன் நிலையத்தில் வானியலுக்கு மாறினார். இன்று ஹார்வர்டில் பேராசிரியர். கருந்துளைக்குள் விழும் வாயு ஏன் சில சமயம் அதிகம் ஒளிவிடாமல் வெப்பத்தோடு உள்ளே மறைகிறது என்று 1990-களில் அவர் எழுதியவை இந்தத் துறையின் அடிப்படைப் பாடம் ஆகிவிட்டன. காமாக்கதிர் வெடிப்புகள் சில, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிக்கொள்வதால் வருபவை என்று 1992-இல் வேறு இருவரோடு சேர்ந்து வாதிட்டார். 2017 ஆகஸ்ட் 17 அன்று அப்படி ஒரு மோதலையும் அதன் காமா மின்னலையும் சேர்த்தே உலகம் பிடித்தது. 25 வருடம் காத்திருந்த கணக்கு. 2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படத்தை வெளியிட்ட குழுவிலும் அவர் இருக்கிறார். படிகத்தில் ஆரம்பித்தவருக்கு அந்த வருடங்கள் வீண் போகவில்லை: குறைந்த அளவீடுகளிலிருந்து முழுப் படத்தைத் தேற்றி எடுக்கும் கணக்கு படிகத்துக்கும் வேண்டும், வானத்துக்கும் வேண்டும்.

அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. "பொண்ணை 35 வயசு வரைக்கும் படிக்கவெச்சிட்டு யாரு சார் கட்டுவா" என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டிலும் பெண் இருக்கிறாள். ஆனால் 1949-இலேயே பிபா சௌதுரி என்ற வங்காளப் பெண் டாட்டா நிலையத்தில் முதல் பெண் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். அதற்குமுன் டார்ஜிலிங் மலையில் போட்டோத் தகடுகளை வைத்துக் காஸ்மிக் கதிர்த் துகள்களைத் தேடியவர். தங்கவயல் சோதனைகளிலும் அவருக்குப் பங்குண்டு. உயிரோடு இருந்தவரை பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. 2019-இல் ஒரு நட்சத்திரத்துக்கு 'பிபா' என்று அவர் பெயரை வைத்தார்கள். அவரோடு ஓர் ஆணையும் உங்களிடம் சொல்லவேண்டும், எஸ். நாரணன். டாட்டா நிலையத்தில் காஸ்மிக் கதிர், எக்ஸ்கதிர் வானியல் என்று ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு எதில் இறங்கினார் தெரியுமா? கோலத்தில். ஃபிபனாச்சி எண்களை வைத்துப் புள்ளிக்கோலம் அமைக்கிற முறையை எழுதினார். வாசலில் நீங்கள் நெளிக்கோடு இழுக்கிறபோது உங்கள் பெண் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளியை எண்ணுகிறாளே, அந்தக் கணக்கை வேலையத்த வேலை என்று ஒரு வானியற்பியலாளர் நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடவேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் இயற்பியல் ஆய்வகம் வருடத்துக்கு ஆறு வாரம்தான் திறக்கும், பிராக்டிகல் தேர்வுக்கு முன்னால். வெர்னியர் காலிபரின் உதடு தேய்ந்து பூஜ்யமே பொருந்தாது. பிள்ளைகள் போன வருடத்து ரெக்கார்டைப் பார்த்து அளவை எழுதுவார்கள். அதில் ஒரு பையன் மட்டும், "சார், இதுல ஜீரோ எரர் ரெண்டு பாயிண்ட் இருக்கு, எங்கப்பா பட்டறையில இருக்கிறது சுத்தமா இருக்கும், எடுத்துட்டு வரட்டா?" என்றான். எடுத்து வந்தான். எண்ணெய்த் துணியில் சுற்றி, மரப்பெட்டியில். அன்றைக்கு அந்த வகுப்பு முழுவதும் உண்மையான அளவு எழுதியது. மதிப்பெண்ணில் அவன் நடுவாந்தரம். பிழையைக் கண்டதும் நெளிகிற அந்தக் குணத்தை எந்தக் கோச்சிங்கிலும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஊட்டியில் 2 சதவீதக் குறைவை ஒருவர் 'ஏதோ கருவிக் கோளாறு' என்று விட்டிருந்தால் 130 கோடி வோல்ட் கிடைத்திருக்காது. அது நிஜமா கோளாறா என்று பிரிக்கத் தெரியவேண்டும். அந்தப் படிப்பு உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. நாங்கள்தான் பள்ளியில் அதை மறக்கடிக்கிறோம்.

ஆகவே, அண்ணே, கேட்டில் காலை ஊன்றி நின்று கேட்டீர்களே, சோறு இருக்கிறது. தாமதமாக வரும், அளவாக வரும். வீட்டில் உடனே ஒரு சம்பளம் வந்தாகவேண்டிய நிலை இருந்தால் நான் வற்புறுத்தமாட்டேன். அந்த நிலையில் வளர்ந்தவன் நான். ஆனால் பி.எஸ்சி.க்குப் பிறகு சம்பளத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட முடிகிற வீடாக இருந்து, பிள்ளையும் கண்ணில் அந்தப் பிடிவாதத்தோடு நின்றால், 'பாத்து செய்யுங்க' என்று இனி நான் சொல்லமாட்டேன். சேருங்கள் என்பேன். விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.

வருகிற ஞாயிறுகளில் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு மேகக் கூடம் ஒன்று செய்து காட்டப்போகிறேன். மேலே இடிமேகக் கணக்கைச் சொன்னாரே வில்சன், அவர் கண்டுபிடித்த கருவியின் எளிய வடிவம். அதற்குத்தான் 1927-இல் அவருக்கு நோபல். ஒரு கண்ணாடித் தொட்டி, மேலே சாராய வகை ஸ்பிரிட்டில் நனைத்த ஸ்பாஞ்சு, கீழே உலர்பனிக்கட்டி மேல் வைத்த கறுப்புத் தகடு. அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால், சில நிமிடத்தில் தகட்டுக்கு மேலே நூல் நூலாக வெள்ளைக் கோடுகள் விழுந்து விழுந்து மறையும். நேராக நீளமாக விழுவது பெரும்பாலும் மியூயான். விண்ணிலிருந்து வந்ததன் தடத்தை நம் பிள்ளைகள் பாடியில் வைத்தே கண்ணால் பார்க்கலாம்.

தொட்டி இருக்கிறது. உலர்பனிக்கட்டிக்குச் சொல்லி வைத்துவிட்டேன். தகடு மட்டும்தான் இல்லை. அலுமினியம், ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு நூல் தடிமன், வளைவு இல்லாமல் சமதளமாக இருக்கவேண்டும், ஒரு பக்கம் மங்கலான கறுப்பு. உங்கள் ஸ்கிராப்பில் கிடந்தால், ஓரத்தை அரம் போட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் ஷிப்டு இல்லாத ஞாயிற்றில் நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் இயற்பியல் வாத்தியார்,
பாடி